ட்ரையல் நாட்கள் முடிவதற்குள்: ரா படங்களுக்கு எந்த மென்பொருளை வாங்குவது?

திருநெல்வேலிப் பக்கம் கேமராவை வைத்துப் பிழைப்பவர்கள் எடுக்கும் படங்களைப் பெரும்பாலும் மூன்றுக்குள் அடக்கிவிடலாம். கல்யாண மண்டபம், கோயில் கொடை விழா, அப்புறம் ஆசைக்கு எடுக்கும் பறவையும் அருவியும். மூன்றும் மூன்று விதமான வெளிச்சம். ரா படங்களை, அதாவது கேமரா மாற்றாமல் அப்படியே பதிவு செய்யும் மூலக் கோப்புகளைத் திருத்தப் புது மென்பொருள் வாங்க நினைப்பவர்கள் இந்த மூன்றையும் மனதில் வைத்துத்தான் இலவச ட்ரையலைத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. யூடியூபில் பார்க்கும் ஒப்பீடுகளில் வருவது பனிமலையும் ஐரோப்பியத் தெருவும். அந்த வெளிச்சத்தில் ஜெயிக்கிற மென்பொருள் வள்ளியூர் மண்டபத்தின் எல்இடி விளக்குக்கு அடியில் என்ன செய்யும் என்பதை நாம்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தம்பி அடிக்கடி போன் செய்வான். "அண்ணாச்சி, ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க. எதைத்தான் வாங்க?" என்பான். நான் அவனிடம் கேட்பது ஒன்றுதான்: "நீ அதிகமா எடுக்கது எது தம்பி? அதை முதல்ல சொல்லு." அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் மென்பொருள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று என்று யாராவது சொன்னால் அவர் ஒரே மாதிரிப் படம்தான் எடுக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நான் இங்கே ஒப்பிடுவது நான்கு: அடோபியின் லைட்ரூம் கிளாசிக், டென்மார்க்கில் பிறந்த கேப்சர் ஒன், பிரான்ஸின் டிஎக்ஸ்ஓ போட்டோலேப், யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய டார்க்டேபிள். ராதெரபியும் இலவசம்தான், நல்ல மென்பொருள்தான். ஆனால் பழகும் விதத்தில் அது டார்க்டேபிளுக்கு அருகில் இருப்பதால் தனியாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் ஒரு அடிப்படை. ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட், அதாவது 256 படிகள். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். நிழலைத் தூக்கவும் வெளிச்சத்தை அடக்கவும் ராவில் இவ்வளவு இடம் கிடைப்பது இதனால்தான். ஆனால் ரா என்பது சென்சார் கண்ட அளவு மட்டுமே. அது படமாக மாற, நிறம் எது, எவ்வளவு காண்ட்ராஸ்ட், எந்த இடத்தில் வெளிச்சம் வெள்ளையாகிறது என்பதையெல்லாம் மென்பொருள்தான் முடிவு செய்கிறது. ஒரே நிக்கான் கோப்பை நான்கு மென்பொருளில் திறந்தால் நான்கு விதமாகத் தெரிவது இதனால்தான். கேப்சர் ஒன்னில் திறந்த உடனே படம் பளிச்சென்று நிற்கும். டார்க்டேபிளில் அதே படம் சோம்பிப்போய்த் தட்டையாகத் தெரியும். இதைப் பார்த்ததும் "அது நல்லது, இது மோசம்" என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். முதல் பார்வையில் தெரிவது மென்பொருளின் தொடக்கப் புள்ளி. அது எவ்வளவு தூரம் போகும் என்பது வேலை செய்தால்தான் தெரியும்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. கேமரா நிறுவனமே இலவசமாகத் தரும் மென்பொருளை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டுடியோ, கேனனுக்கு டிஜிட்டல் போட்டோ புரொபஷனல், சோனிக்கு இமேஜிங் எட்ஜ். கேமராவின் பின்திரையில் பார்த்த நிறம் கிட்டத்தட்ட அப்படியே அதில் தெரியும். அதை ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பார்த்தால், எது எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது கண்ணுக்குப் புரியும்.

நாள் குறிப்பதற்கு முன்

லைட்ரூமின் ட்ரையல் 7 நாள்தான். மென்பொருளை இறக்கி, கணக்குத் தொடங்கி, கார்டு விவரம் கொடுத்து, நிறுவி முடிக்கவே ஒரு சாயங்காலம் போய்விடும். ஆகவே சோதனைக்கான படங்களைத் தயாராக எடுத்து வைத்துவிட்டுத்தான் இறக்க வேண்டும். முகூர்த்தம் அடுத்தடுத்து வரும் வைகாசியிலும் ஆவணியிலும் ட்ரையல் தொடங்குவது வீண். பகலில் மண்டபம், இரவில் பழைய மென்பொருளில் அவசர எடிட்டிங் என்று நாட்கள் கரைந்துவிடும். கல்யாணம் இல்லாத ஆடியும் மார்கழியும்தான் நம் தொழிலில் இதற்குத் தோதான மாதங்கள்.

என்னென்ன படங்கள்? நன்றாக வந்தவற்றை எடுக்காதீர்கள். அவற்றை எந்த மென்பொருளும் அழகாகக் காட்டும். உங்களுக்குத் தலைவலி கொடுத்தவற்றை எடுங்கள். ஒரு இருபது போதும். வெளிச்சம் கலந்த மண்டபப் படம், அரக்கு நிறப் பட்டுப்புடவை நெருக்கமாக, மேடையின் நீல விளக்கு முகத்தில் அடித்த ரிசப்ஷன் படம், இரவுக் கொடையில் ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 6400 வரை ஏற்றி எடுத்தது, உச்சி வெயிலில் கருவேலங்காட்டுப் பின்னணி, விடியலில் பறவை, கீழிருந்து மேலே பார்த்து எடுத்த கோபுரம். இவை தவிர ஒரு முழு வேலையும் வேண்டும். அதாவது ஒரு கல்யாணத்தின் எல்லாப் படங்களும் உள்ள ஃபோல்டர். தனிப் படத்தில் திறமை காட்டும் மென்பொருள் ஆயிரக்கணக்கான படங்களைப் பொறுக்கும்போது மூச்சு வாங்கலாம்.

தீப்பந்தமும் திருநீறும்

சுடலைமாடன் கொடையை எடுத்துக்கொள்வோம், இதில்தான் மென்பொருள்களின் குணம் வெளிப்படுகிறது. நடுச்சாமம். கணியான் கூத்தில் தலைமைப் பாடகரான அண்ணாவி பாட, மகுடம் என்னும் பறையின் ஓசை ஏற, சாமியாடி தீப்பந்தத்தோடு வேட்டைக்குக் கிளம்பும் நேரம். தீப்பந்தத்துக்குப் பக்கத்தில் நெஞ்சும் முகமும் செம்மஞ்சளாக எரிகின்றன. மறுபக்கம் கன்னங்கரேல். பின்னால் ஒரு டியூப் லைட் பச்சை கலந்த வெள்ளையாக நிற்கிறது. நெஞ்சில் பூசிய திருநீறு வேர்வையில் கரைந்து கோடு கோடாக வழிந்திருக்கிறது.

இந்தப் படத்தில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தீயின் நிறம். சென்சாரில் சிவப்பைப் பதியும் பகுதி, அதாவது சிவப்பு சேனல், முதலில் நிரம்பி வழிந்துவிடும். மென்பொருள் அந்த இடத்தை எப்படிக் கையாள்கிறது என்பதைப் பொறுத்து, தீ செம்மஞ்சளாகவே இருக்கும், அல்லது தட்டை மஞ்சளாகும், அல்லது வெளிறிப்போகும். லைட்ரூமில் ஹைலைட்ஸ் ஸ்லைடரை இடப்பக்கம் இழுத்தால் தீயின் நாக்குகள் திரும்பக் கிடைக்கின்றன. ஆனால் நடுப்பகுதி மஞ்சளுக்கு ஓடப் பார்க்கும். நிறத்தின் தொடக்க அமைப்பான ப்ரொஃபைலை அடோபி கலரிலிருந்து அடோபி நியூட்ரலுக்கு மாற்றினால் காண்ட்ராஸ்ட் குறைந்து, வேலை செய்ய இடம் கிடைக்கும். கேப்சர் ஒன்னில் இதற்கு ஈடாக, கர்வ் என்ற இடத்தில் லீனியர் ரெஸ்பான்ஸ் என்று மாற்றிப் பார்க்க வேண்டும். படம் இருண்டு போகும், பயப்படத் தேவையில்லை. அங்கிருந்து மெல்ல ஏற்றினால் தீயும் முகமும் தனித்தனியாக நிற்கும்.

டார்க்டேபிளில் இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. சிக்மாய்ட் என்ற மாட்யூல் (அதன் கருவிகளுக்கு அங்கே அதுதான் பெயர்), 4.2 பதிப்பில் வந்தது. அதில் நிறத்தைக் காப்பாற்று என்ற பொருளில் 'ப்ரிசர்வ் ஹியூ' என்று ஒரு ஸ்லைடர். அதை நூறில் வைத்தால் தீ தன் மூல நிறத்திலேயே நின்று வெளிறும். குறைத்தால் சிவப்பு ஆரஞ்சாகி, ஆரஞ்சு மஞ்சளாகி, நாம் கண்ணால் பார்த்துப் பழகிய தீயாக மாறும். எது வேண்டும் என்பதை எடுத்தவர் முடிவு செய்கிறார். மற்ற மூன்றிலும் இந்த முடிவு பெரும்பாலும் உள்ளேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. சாமியாடியின் கையில் இருக்கும் தீ எப்படித் தெரிய வேண்டும் என்பது சின்ன விஷயம் இல்லை. அந்தப் படத்தின் உயிரே அதுதான்.

இரண்டாவது, நாய்ஸ், அதாவது வெளிச்சம் குறைந்த படத்தில் விழும் புள்ளிகள். போட்டோலேபின் டீப்பிரைம் 2020-இல் வந்தபோது இந்தத் துறையையே திருப்பிப் போட்டது என்று சொல்லலாம். ராவை நிறப்படமாக மாற்றும் வேலையையும் நாய்ஸ் நீக்கும் வேலையையும் அது சேர்த்தே செய்வதால், இருட்டில் கிடக்கும் வேட்டி மடிப்பும் தலைமுடியும் தெளிவாக வருகின்றன. லைட்ரூமில் இதே மாதிரி டிநாய்ஸ் 2023 ஏப்ரலில் வந்தது. இரண்டும் அருமை. ஆனால் ஒரு எச்சரிக்கை: கரைந்த திருநீற்றின் பொடியையும் நாய்ஸையும் இவை எப்போதும் சரியாகப் பிரித்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. முழு அளவில் வைத்தால் நெஞ்சு மெழுகுபோல வழவழப்பாகிவிடும் ஆபத்து உண்டு. லைட்ரூமில் அமௌன்ட் ஸ்லைடர் முதலில் 50-இல் நிற்கும். அதிலிருந்து கீழே இறக்கிக்கொண்டே வந்து, திருநீறு திருநீறாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும்.

டார்க்டேபிளின் டிநாய்ஸ் ப்ரொஃபைல்ட் வேறு வகை. ஒவ்வொரு கேமராவின் ஒவ்வொரு ஐஎஸ்ஓவிலும் நாய்ஸ் எப்படி இருக்கிறது என்று அளந்து வைத்த கணக்கின்படி நீக்குகிறது. டீப்பிரைம் அளவுக்குச் சுத்தமாக வராது. கிரெய்ன் எனும் மணல்போன்ற புள்ளிகள் கொஞ்சம் மிஞ்சும். கொடைப் படத்துக்கு அந்தக் கிரெய்ன் பொருந்தியே போகிறது என்பது என் ரசனை.

கணினியின் பலமும் இங்கே கணக்கில் வரும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் லைட்ரூம் டிநாய்ஸோ டீப்பிரைமோ ஒரு படத்துக்கே நிமிடக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். ட்ரையலை நண்பரின் புது மெஷினில் செய்து பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து பழைய லேப்டாப்பில் நிறுவினால் அனுபவம் வேறாக இருக்கும். உங்கள் மெஷினில், உங்கள் கோப்பில் நேரம் பாருங்கள்.

மண்டபமும் மணப்பெண்ணும்

கல்யாணத்தில் பிரச்சினை வேறு. மேலே எல்இடி, மேடையில் சீரியல் செட், எதிரே வீடியோக்காரரின் விளக்கு. முகூர்த்த நேரத்தில் பந்தல் வழியாகப் பகல் வெளிச்சமும் சேர்ந்துகொள்ளும். மணப்பெண்ணின் கன்னத்தில் மஞ்சள். ஆட்டோ ஒயிட் பேலன்ஸை அழுத்தினால் அந்த மஞ்சளை விளக்கின் பிழை என்று எண்ணி நீலத்தின் பக்கம் தள்ளக்கூடும். நலுங்குக்குப் பூசிய மஞ்சளை மென்பொருள் கழுவிவிட்டால் படம் என்னத்துக்கு?

அதைவிட எனக்கு மனம் ஆறாத விஷயம் தோல் நிறம். கடையில் விற்கும் பிரீசெட்டுகள், அதாவது முன்கூட்டியே அமைத்துவைத்த திருத்தங்கள் பலவும் ஆரஞ்சு நிறத்தின் வெளிச்சத்தை ஏற்றிவிட்டு "ஸ்கின் டோன்" என்று பெயர் வைத்திருக்கின்றன. வெளுத்த தோலுக்கு அது மெருகு. நம் ஊர் மாநிறத்தின் மேல் போட்டால் மாப்பிள்ளை சுண்ணாம்பு அடித்த மாதிரி நிற்கிறார். கறுப்பைக் கறுப்பாக, அதன் மினுமினுப்போடு காட்டுகிற வேலைதான் போட்டோகிராபரின் வேலை. ட்ரையலில் இதைக் கட்டாயம் சோதியுங்கள்: ஒரே குரூப் போட்டோவில் கறுத்த தாத்தா, மாநிறமான மாப்பிள்ளை, சிவந்த அத்தை மூவரையும் நிற்க வைத்து எடுத்த படம் ஒன்று. மூவரும் அவரவராகவே இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் கேப்சர் ஒன் தனித்து நிற்கிறது. அதன் கலர் எடிட்டரில் தோலுக்கென்றே ஒரு தாவல் இருக்கிறது. கன்னத்தில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினால், அந்த நிறத்தைச் சுற்றியுள்ள சாயல்களை ஒன்றுக்கொன்று நெருங்கி வரச் செய்யலாம். பாதி முகத்தில் பச்சை, பாதி முகத்தில் மஞ்சள் என்று விழுந்திருக்கும் மண்டப வெளிச்சம் இதில் அழகாக அடங்கும். தோலை வெளுக்க வைக்காமலே சீராக்குகிறது என்பதுதான் இதன் பெருமை.

லைட்ரூம் வேறு பாதையில் அதே ஊருக்குப் போகிறது. 2022 அக்டோபரில் ஆட்களை அடையாளம் காணும் மாஸ்க் வந்தது. படத்தில் இருப்பவர்களைத் தனித்தனியாகக் காட்டி, முகத்தோல், உடல்தோல், கண், தலைமுடி, உடை என்று எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்க விடுகிறது. தாத்தாவின் முகத்தின் வெளிச்சத்தை மட்டும் கால் ஸ்டாப் தூக்கலாம். ஒரு படத்தில் செய்த மாஸ்க்கை மற்றப் படங்களுக்கு அனுப்பினால், ஒவ்வொரு படத்திலும் ஆட்களைப் புதிதாகத் தேடிப் பொருத்திக்கொள்கிறது. நிறைய படங்கள் உள்ள கல்யாணத்துக்கு இது பெரிய நேர மிச்சம்.

அரக்குப் பட்டில் பார்க்க வேண்டியது ஜரிகையும் நூலும். சிவப்பு சேனல் நிரம்பிவிட்டால் புடவை ஒரே சிவப்புத் தகடாகிவிடும். நெசவு தெரியாது. சாச்சுரேஷனைக் குறைத்தால் நிறம் செத்துவிடும். லைட்ரூமில் ப்ரொஃபைலை மாற்றுவதும், டார்க்டேபிளில் கலர் காலிப்ரேஷன் மாட்யூலில் விளக்கின் தன்மையைச் சரியாகக் கொடுப்பதும் இதற்கு உதவும். கடைசித் தீர்ப்பு திரையில் இல்லை. ட்ரையல் நாட்களுக்குள்ளேயே ஒவ்வொரு மென்பொருளிலிருந்தும் அந்தப் புடவைப் படத்தை எஸ்ஆர்ஜிபி ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்து, நீங்கள் வழக்கமாக ஆல்பம் போடும் லேபிலேயே சிறிய அளவில் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். பெண்ணின் அம்மா புடவையைக் கையில் வைத்துக்கொண்டு ஆல்பத்தைப் பார்ப்பார் என்பதை மறக்கக் கூடாது.

பொறுக்கும் வேகம் பற்றியும் சொல்ல வேண்டும். லைட்ரூம் படங்களை முதலில் கேட்லாக் என்ற தன் பட்டியலுக்குள் சேர்த்துக்கொள்ளும். ப்ரிவியூ தயாராகும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது கேமரா உள்ளே வைத்திருக்கும் ப்ரிவியூவையே பயன்படுத்தச் சொல்லலாம். கேப்சர் ஒன்னில் செஷன் என்று ஒரு முறை உண்டு. ஒரு கல்யாணத்துக்கு ஒரு ஃபோல்டர், எடிட் விவரங்களும் அதற்குள்ளேயே. ஹார்ட் டிஸ்க்கை ஆல்பம் டிசைன் செய்பவரிடம் அப்படியே கொடுத்துவிடலாம். விசையைப் பிடித்துக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டினாலே எக்ஸ்போஷர் ஏறி இறங்குவது பழகிவிட்டால் கை ஸ்லைடரைத் தேடாது. போட்டோலேப் ஃபோல்டரை நேரடியாகத் திறக்கிறது, இம்போர்ட் என்ற சடங்கே இல்லை. ஆனால் ஒரு முழுக் கல்யாணத்தையும் அதில் ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டார்க்டேபிளிலும் முடியும். எல்லாவற்றையும் ஸ்டைல்களாகச் சேர்த்து வைக்கப் பொறுமை வேண்டும்.

கூந்தன்குளம், ஊசிக் கோபுரம்

பறவை எடுப்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது: போட்டோலேபை முதலில் பாருங்கள். நாங்குநேரிக்குப் பக்கத்தில் கூந்தன்குளத்தில் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே நாரையும் கரண்டிவாயனும் கூடு கட்டுகின்றன. ஊர்க்காரர்கள் அவற்றைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகள் மாதிரிப் பார்த்துக்கொள்கிறார்கள். குளத்தில் வரித்தலை வாத்தும் பூநாரையும் வந்திறங்கும் காலத்தில் விடியற்காலை வெளிச்சம் போதாது, ஐஎஸ்ஓ தானாக ஏறும், தூரத்தில் இருக்கும் பறவையைப் பிறகு வெட்டிப் பெரிதாக்க வேண்டும். டீப்பிரைமுக்கும், ஒவ்வொரு லென்ஸையும் கேமராவோடு சேர்த்து அளந்து டிஎக்ஸ்ஓ தயாரித்திருக்கும் திருத்தங்களுக்கும் ஏற்ற களம் இது. இறகின் விளிம்பு கூர்மையாக வருகிறது. வேறு மென்பொருளிலேயே தொடர விரும்புபவர்கள், அதே நிறுவனத்தின் ப்யூர்ரா என்ற சிறிய மென்பொருளில் நாய்ஸை மட்டும் நீக்கி டிஎன்ஜி என்ற ரா வகைக் கோப்பாக வெளியே எடுத்துக்கொள்ளலாம்.

கட்டடம் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பாளையங்கோட்டையில் ஊசிக் கோபுரம் எனப்படும் தேவாலயக் கோபுரத்தைக் கீழிருந்து எடுத்தால் இரு பக்கமும் உள்நோக்கிச் சாயும். லைட்ரூமிலும் கேப்சர் ஒன்னிலும் டார்க்டேபிளிலும் இதை நிமிர்த்தும் கருவி உள்ளேயே இருக்கிறது. போட்டோலேபில் அதற்கு வியூபாயிண்ட் என்ற இன்னொன்றைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். விலையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

காசும் சொந்தமும்

லைட்ரூம் சந்தாதான். 2015-இல் வந்த லைட்ரூம் 6 தான் ஒரே முறை காசு கொடுத்து வாங்க முடிந்த கடைசிப் பதிப்பு. சந்தா நின்றுபோனாலும் லைட்ரூம் கிளாசிக் திறக்கும். படங்களைப் பார்க்கலாம், எக்ஸ்போர்ட்கூடச் செய்யலாம். திருத்தம் செய்யும் டெவலப் பகுதியும் மேப் பகுதியும் பூட்டிக்கொள்ளும். வருடச் சந்தாவை மாதாமாதம் கட்டும் திட்டத்தில் சேர்ந்தால், நடுவில் நிறுத்தும்போது கட்டணம் கேட்பார்கள். சேரும்போதே அந்த வரியைப் படித்துவிடுங்கள். அவ்வப்போது இணையத்தோடு தொடர்புகொண்டு உரிமத்தைச் சரிபார்க்கும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

கேப்சர் ஒன் சந்தாவாகவும் கிடைக்கும், மொத்தமாகவும் வாங்கலாம். 2023-க்குப் பிறகு மொத்தமாக வாங்கியவர்களுக்குப் புது வசதிகள் சேர்ந்து வருவதில்லை. வாங்கிய நிலையோடு நிற்கும். புதுக் கேமரா வாங்கும்போது அதன் ரா கோப்பைப் பழைய பதிப்பு திறக்காமல் போகலாம். போட்டோலேபை ஒரே முறை வாங்கி வைத்துக்கொள்ளலாம். அடுத்த பெரிய பதிப்புக்கு வேண்டுமென்றால் மேற்கொண்டு கட்டலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். டார்க்டேபிளுக்கு எதுவும் இல்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2009-லிருந்து ஆர்வலர்கள் சேர்ந்து வளர்த்துவருகிறார்கள்.

இங்கே பலர் யோசிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு மென்பொருளில் செய்த எடிட்டிங் இன்னொன்றில் அப்படியே திறக்காது. நட்சத்திர மதிப்பும் குறிச்சொற்களும் எக்ஸ்எம்பி என்ற சிறு விவரக் கோப்பின் வழியாகப் போகும். லைட்ரூம் கேட்லாகைக் கேப்சர் ஒன் படிக்கும்போது வெட்டியது, எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் போன்ற அடிப்படைகள் வரும். மாஸ்க்கும் நுணுக்கமான நிற வேலையும் வராது. ஆகவே இன்று எடுக்கும் முடிவு, இனி செய்யப்போகும் வேலையையும் கட்டிப்போடுகிறது.

டார்க்டேபிள் தன் எடிட் விவரத்தைப் படத்தின் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி கோப்பாக எழுதி வைக்கிறது. போட்டோலேபும் அப்படித்தான், பக்கத்தில் டிஓபி என்று ஒன்று. லைட்ரூமில் எல்லாம் கேட்லாகுக்குள் இருக்கும். வெளியே எழுதச் சொன்னால்தான் எழுதும். இந்த வித்தியாசம் சாதாரண நாளில் தெரியாது. ஹார்ட் டிஸ்க் மாற்றும் நாளில் தெரியும்.

என் தேர்வு

கல்யாணத் தொழிலுக்கு லைட்ரூம் கிளாசிக். வேகமும் ஆட்களைக் கண்டுபிடிக்கும் மாஸ்க்கும் அதற்குக் காரணம். சந்தாவை ஆல்பம் வேலையின் செலவில் சேர்த்துவிடலாம். உதவிக்கு வரும் பையன்களுக்கும் பெரும்பாலும் அதுதான் தெரிந்திருக்கிறது, இதுவும் தொழிலில் முக்கியம். நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரம் எடுப்பவர்கள், கேமராவைக் கணினியோடு கேபிளில் இணைத்துத் திரையில் பார்த்துக்கொண்டே படம் எடுப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேப்சர் ஒன் பக்கம் போகலாம். அந்த வேலையில் அதன் அருகில் யாரும் இல்லை.

கொடைக்கும் கூத்துக்கும் டார்க்டேபிள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கணியான் கூத்து ஆடுபவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்ட ஊர்களில் இன்று மைக் செட் மட்டும் பாடுகிறது. நாம் எடுக்கும் இந்தப் படங்களை முப்பது வருடம் கழித்து யாராவது ஒருவர் திறந்து பார்க்க வேண்டும். அப்போது மாதச் சந்தா கட்டினால்தான் எடிட்டைத் தொட முடியும் என்ற நிலை இருக்கக் கூடாது. யாரிடமும் அனுமதி கேட்காமல் திறக்கும் மென்பொருளும், படத்தின் பக்கத்திலேயே கிடக்கும் எடிட் கோப்பும்தான் அதற்கு ஏற்றவை. பழக நாளாகும் என்பது உண்மை. ட்ரையல் கெடு இல்லாததால் ஆற அமரப் பழகலாம். எல்லா மாட்யூல்களையும் திறந்து பார்க்கத் தேவையில்லை. எக்ஸ்போஷர், கலர் காலிப்ரேஷன், சிக்மாய்ட், டிநாய்ஸ் ப்ரொஃபைல்ட், லென்ஸ் கரெக்‌ஷன், இந்த ஐந்தோடு தொடங்கினால் பெரும்பாலான படங்கள் முடிந்துவிடும்.

அம்பாசமுத்திரம் தம்பி பெரும்பாலும் எடுப்பது முண்டந்துறைப் பக்கத்துக் குரங்கும் பறவையும். அவனுக்கு நான் சொன்னது போட்டோலேப். கல்யாண வேலை வரத் தொடங்கினால் அப்போது லைட்ரூமைப் பார்த்துக்கொள்ளலாம், இப்போதே இரண்டுக்கும் காசு கட்ட வேண்டாம் என்றேன்.

ட்ரையலின் கடைசி நாளுக்கு முன்னதாகச் செய்ய வேண்டியவை சில. லைட்ரூமில் எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் எஸ் அழுத்தினால் விவரங்கள் எக்ஸ்எம்பியாக வெளியே எழுதப்படும். முடித்த படங்களை 16 பிட் டிஃப் கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவை எந்த மென்பொருளிலும் திறக்கும். கேட்லாக் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். வாங்குவதில்லை என்று முடிவு செய்தால், கணினியிலிருந்து நீக்கினால் மட்டும் சந்தா நிற்காது. கணக்குப் பக்கத்துக்குப் போய்த் திட்டத்தை ரத்து செய்ய வேண்டும். ரத்தானதற்கு மின்னஞ்சல் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த மாதம் கார்டுக் கணக்கையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.